பழைய மடிக்கணினி, சிடி டிரைவ் பாகங்களை மின்சார ஆர்சி விமானத்தில் பயன்படுத்தலாமா?

தெம்பனிஸ் கதிர்:

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளும் நானும் ஒரு மீட்டர் இறக்கை நீளமுள்ள மின்சார ஆர்சி (தொலைக்கட்டுப்பாட்டு) விமானம் ஒன்றை நுரைப்பலகையில் செய்துகொண்டிருக்கிறோம். உடலும் இறக்கையும் முடிந்துவிட்டன. மின்பாகங்கள் எதுவும் இல்லாமல் எடை 170 கிராம் வருகிறது. வீட்டில் பழைய மடிக்கணினிகள் இரண்டும், சிடி-ராம் டிரைவ் ஒன்றும், மேசைக்கணினியின் ஏடிஎக்ஸ் மின்வழங்கியும், இங்க்ஜெட் அச்சுப்பொறியும், இறக்கை முறிந்த பொம்மை டிரோனும் கிடக்கின்றன. சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டபின் இவற்றைக் கொண்டுபோய் விற்கவோ மாற்றிக்கொள்ளவோ நல்ல இடம் இல்லை. வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் கொடுத்தால் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும்.

புதிய பாகங்களை வாங்க எனக்குத் தயக்கமில்லை. ஆனாலும், ஒரு மோட்டாரைத் தன் கையாலேயே பிரித்து, கம்பி சுற்றி, அதையே பறக்கவிட வேண்டும் என்று என் மகள் மிகவும் விரும்புகிறாள். மடிக்கணினி மின்கலங்களை விமானத்திற்கு வைக்கலாமா? சிடி டிரைவ் மோட்டாருக்கு இந்த எடையைத் தூக்கும் வலு உண்டா? டிரோனின் உள்ளிருக்கும் பலகையை ரிசீவராகக் கொள்ள முடியுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஜூரோங் கம்மியர்:

வணக்கம் ஐயா. உங்கள் பட்டியலில் மிகச் சிறந்த பொருள் அந்தச் சிடி-ராம் டிரைவ்தான். அதன் தட்டைச் சுழற்றும் மோட்டார், பிரஷ் இல்லாத மூன்று கட்ட மோட்டார். புறக்கூடு சுழலும், நடுவிலுள்ள ஒன்பது பற்களில் கம்பி சுற்றியிருக்கும். புத்தாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், கடையில் பிரஷ்லெஸ் மோட்டார் வாங்குவது பெருஞ்செலவாக இருந்த காலத்தில், உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் இதைத்தான் விமான மோட்டாராக மாற்றிப் பறக்கவிட்டார்கள். எல்லா டிரைவிலும் ஒரே அமைப்பு இருக்காது. திறந்து பார்த்து, பற்கள் ஒன்பதாகவும் இரும்பு அடுக்கின் உயரம் தாராளமாகவும் இருந்தால் மட்டும் தொடருங்கள்.

மாற்றும் முறை இது. உள்ளே இருக்கும் காந்த வளையம் வலுக்குறைந்தது. அதை எடுத்துவிட்டு, 5 மில்லிமீட்டர் சதுரமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள நியோடிமியம் காந்தத் துண்டுகள் பன்னிரண்டை வடக்கு, தெற்கு என மாறிமாறி வருமாறு கூட்டின் உட்சுவரில் ஒட்ட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ஒட்டிய ஒவ்வொரு துண்டையும் அடுத்ததை வைப்பதற்கு முன் வேறொரு காந்தத்தால் சோதித்து, இழுக்கிறதா தள்ளுகிறதா எனக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு துண்டு திரும்பிவிட்டாலும் மோட்டார் அதிர்ந்து சூடாகும். பிறகு பழைய மெல்லிய கம்பியை நீக்கி, 0.4 அல்லது 0.5 மில்லிமீட்டர் எனாமல் கம்பியைப் பல்லுக்குப் பதினைந்து முதல் இருபது சுற்று வரை சுற்றலாம். முதல் கம்பி 1, 4, 7 ஆகிய பற்களிலும், இரண்டாவது 2, 5, 8 ஆகியவற்றிலும், மூன்றாவது 3, 6, 9 ஆகியவற்றிலும் செல்லும். எல்லாம் ஒரே திசையில் சுற்ற வேண்டும். பல்லின் விளிம்பு கூர்மையாக இருந்தால் எனாமல் உரிந்து கம்பி இரும்பைத் தொட்டுவிடும் என்பதால், சுற்றுவதற்கு முன் விளிம்பில் மெல்லிய எபாக்சி பூசி உலரவிடுவது நல்லது. சுற்றி முடித்தபின் மல்டிமீட்டரில் ஒவ்வொரு கம்பிக்கும் இரும்புக்கும் இடையே தொடர்பு இல்லை என உறுதிசெய்த பிறகே இஎஸ்சியில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) இணைக்க வேண்டும். கம்பியைப் பழைய மின்மாற்றியிலிருந்து உருவ வேண்டாம், எனாமலில் கீறல் விழுந்திருக்கும். சிம் லிம் டவரில் மின்பாகம் விற்கும் கடைகளில் புதிய கம்பியே மலிவாகக் கிடைக்கும்.

வலுவைப் பொறுத்தவரை, நன்றாகச் சுற்றிய சிடி மோட்டார் 40 முதல் 60 வாட் வரை தாங்கும். தகுந்த சுழலியோடு (புரொப்பெல்லர்) 200 முதல் 300 கிராம் உந்துவிசை தரும். உங்கள் விமானம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 340 கிராம் வரும் என்று கணக்கிடுகிறேன். கிலோவுக்கு 150 வாட் என்ற அளவில் 50 வாட் கிடைத்தாலே அது நிதானமாக மேலேறும். சாகசம் செய்யாது, ஆனால் கற்றுக்கொள்பவருக்கு அந்த நிதானம்தான் வேண்டும்.

டிரோன் பலகையை விட்டுவிடுங்கள். அதிலுள்ள கைரோ (சாய்வை உணரும் கருவி) நான்கு மோட்டார்களையும் வைத்து உடலைச் சமநிலையில் நிறுத்தவே எழுதப்பட்டது. விமானம் திரும்பச் சாயும்போதெல்லாம் அது எதிர்த்துப் போராடும். கட்டுப்பாட்டுத் தொடர்புக்குப் புதிய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரையே வாங்குங்கள். தொடர்பு அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் வசதி அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பறக்கும் முன் தூரச் சோதனையும் செய்ய வேண்டும். மோட்டார் நின்றால் விமானம் சறுக்கி இறங்கும், ரிசீவர் நின்றால் அது எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய பாகத்தை எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்பதை நான் இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்கிறேன்.

பொங்கோல் காற்று:

மோட்டாரைப் பற்றி மேலே ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மின்கலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மடிக்கணினியில் இருப்பவை பெரும்பாலும் 18650 வகை உருளைக் கலங்கள். மெல்லிய புதிய கணினிகளில் தட்டையான பைக்கலங்கள் இருக்கும், அவற்றைத் தொடவே வேண்டாம். 18650 கலம் ஒன்று ஏறத்தாழ 45 கிராம். மூன்றைத் தொடராக இணைத்தால் கம்பியோடு சேர்த்து 140 கிராமைத் தாண்டும். மணிக்கணக்கில் சிறிய மின்னோட்டத்தைத் தருவதற்காகச் செய்யப்பட்டதால், புதிதாக இருந்தபோதே அது தொடர்ந்து 4 ஆம்பியர் அளவுதான் நிம்மதியாகத் தரும்; பல ஆண்டு உழைத்தபின் உள்மின்தடை கூடி, அதற்கும் கீழே இறங்கிவிடும். 1000 மில்லியாம்பியர்-மணி கொண்ட மூன்று கல லிப்போவோ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 90 கிராமுக்குள் இருந்துகொண்டு 20 ஆம்பியர் தரும். பழைய கலத்தை வைத்தால் எடை கூடுகிறது, மேலேறும் வலு குறைகிறது, கலமும் சூடாகிறது.

மின் துளைக்கருவிகளின் பேட்டரியில் இருக்கும் 18650 கலங்கள் வேறு இனம். அவற்றில் பல 15 முதல் 20 ஆம்பியர் வரை தரும். ஒரு கலம் கெட்டதாலேயே முழுப் பேட்டரியும் எறியப்படுவது வழக்கம் என்பதால் மற்றவை நன்றாக இருக்க வாய்ப்புண்டு. ஆனாலும் 2.5 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த கலத்தை மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைந்து, சார்ஜ் ஏறும்போது மீண்டும் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆகும் அபாயம் அதில் இருக்கிறது. நல்ல கலத்தையும் முழுதாகச் சார்ஜ் செய்து இரண்டு வாரம் தனியாக வைத்து, வோல்ட்டேஜ் இறங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். கலத்தின் மீது நேரடியாகச் சால்டர் வைக்கக் கூடாது. நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். இந்தக் கருவியும் பொறுமையும் இல்லையென்றால் லிப்போ வாங்குவதே சரி. வீவக அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் நமக்கு, ஒரு கலம் தீப்பிடித்தால் புகை முதலில் நிரப்புவது அண்டை வீட்டாரும் நடக்கும் தாழ்வாரத்தைத்தான். எந்தக் கலமாக இருந்தாலும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள்.

வெளிநாட்டு ஆர்வலர்கள் எறியப்பட்ட மின்சிகரெட்டுகளிலிருந்து சிறு கலங்களை எடுத்து விமானங்களில் வைப்பதைக் காணொளிகளில் உங்கள் மகள் பார்த்திருக்கக்கூடும். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். கீழே கிடந்தாலும் எடுக்கக் கூடாது என்று அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மின்கழிவுத் தொட்டியில் பிறர் போட்டதை எடுப்பதும் தவறு. உங்களிடம் மிஞ்சும் கலங்களை முனையில் டேப் ஒட்டி அந்தத் தொட்டியில் சேர்த்துவிடலாம், குப்பைக் குழாயில் ஒருபோதும் போடக் கூடாது.

உட்லண்ட்ஸ் சிறகு:

அண்ணா, ஒரு சட்ட விவரம். எடை 250 கிராமைத் தாண்டினால் விமானத்தைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்து அதன் வில்லையை ஒட்ட வேண்டும். பதிவு செய்பவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் உங்கள் பெயரில் செய்யுங்கள். விமான நிலையம், விமானத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும், 60 மீட்டருக்கு மேலும் பெர்மிட் இல்லாமல் பறக்கவிட முடியாது. தெம்பனிஸ் சாங்கிக்கு மிக அருகில் இருப்பதால் வீட்டுக்குக் கீழே உள்ள திடல் நிச்சயமாக ஆகாது. ஒன்மேப் இணைய வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

பொம்மை டிரோனை முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை. அதன் நான்கு சிறு மோட்டார்களில் நல்ல இரண்டை எடுத்து, மெல்லிய நுரைத்தாளில் 100 கிராமுக்குள் இன்னொரு விமானம் செய்யலாம். இறக்கைக்கு ஒன்றாக வைத்து, இரண்டின் வேகத்தையும் கூட்டிக் குறைத்தே திரும்ப முடியும், சுக்கானை அசைக்கும் செர்வோ மோட்டார் தேவையில்லை. உங்கள் மகள் முதலில் இதைப் பறக்கவிட்டுக் கை பழகிக்கொண்டால், தானே சுற்றிய மோட்டாரைப் பெரிய விமானத்தில் ஏற்றும்போது அஞ்ச வேண்டியிருக்காது.

தெம்பனிஸ் கதிர்:

விரிவாக விளக்கிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மோட்டாரை மகள் சுற்றட்டும், லிப்போவும் ரிசீவரும் புதிதாக வாங்குகிறேன். ஏடிஎக்ஸ் மின்வழங்கியையோ மடிக்கணினியின் சார்ஜரையோ வைத்து லிப்போ சார்ஜருக்கு மின்சாரம் கொடுக்கலாமா?

ஜூரோங் கம்மியர்:

இரண்டுமே ஆகும். மடிக்கணினி சார்ஜர் பெரும்பாலும் 19 வோல்ட் தரும்; பல லிப்போ சார்ஜர்கள் 18 வோல்ட் வரைதான் ஏற்கும் என்பதால், லிப்போ சார்ஜரின் பின்புறம் அச்சிட்டுள்ள உள்ளீட்டு வரம்பைப் பார்த்த பிறகே இணையுங்கள். ஏடிஎக்ஸில் பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு சேர்த்தால் அது இயங்கத் தொடங்கும். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 12 வோல்ட் கிடைக்கும். பழைய மாடல்களில் 5 வோல்ட் பக்கம் சுமை இல்லாவிட்டால் 12 வோல்ட் நிலையாக நிற்காது. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 10 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை இணைத்தால் சரியாகிவிடும், அது சூடாகும் என்பதால் நுரைப்பலகையிலிருந்து தள்ளி வையுங்கள். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். உங்களுக்குத் தேவையான கம்பிகள் எல்லாம் வெளியிலேயே இருக்கின்றன.