பனி ஏரியில் தூண்டில் போட எந்த ராட் (கோல்), எந்த லைன் (நூல்)?

வணக்கம் அண்ணன்மார்களே, பத்து மாவுங் பக்கம் ஏழடி ராட்டோடு சியாகாப் மீனுக்குக் காத்துக் கிடக்கிற பினாங்குக்காரன் நான். ஜனவரியில் கனடாவுக்கு, மானிடோபாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். வின்னிபெக் ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து வால்ஐ மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறாராம் மாமா, ஆனால் சாமான் என் பொறுப்பு.

துளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடிப்பதால் குட்டை ராட் போதும் என்பது புரிகிறது. 28 அங்குலத்தில் மீடியமா (நடுத்தர விறைப்பு), 32 அங்குலத்தில் அதைவிட வளையும் மீடியம் லைட்டா? மீன் மெல்லத் தொட்டாலும் நுனியில் தெரிய வேண்டும், அதே சமயம் பெரிசு ஒன்று மாட்டினால் தாங்கவும் வேண்டும்.

லைன் சுற்றும் ரீலுக்கு, என்னிடம் இருக்கிற சின்ன 1000 சைஸ் ஸ்பின்னிங் ரீலே போதுமா? குளிரில் உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டியாகிக் கைப்பிடி சுற்றவே மறுக்கும் என்கிறார்கள், அதைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் விட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். லைனை நேராகச் சுற்றி நேராக விடும் இன்லைன் ரீலில் லைன் முறுக்காதாம், சின்ன ஜிக் (எடைத் தலை வைத்த தூண்டில் கொக்கி) தண்ணீரில் பம்பரமாகச் சுற்றாதாம், ஆசையாகத்தான் இருக்கிறது.

பெரிய குழப்பம் லைன்தான். இங்கே நமக்கு பிரெய்டுதான் (பின்னிய நூல்) எல்லாம், அங்கேயோ அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ராட் வளையத்திலேயே உறைந்துவிடுமாம். கூடாரத்துக்குள் ஹீட்டர் இருந்தால் பிரெய்டும் அதன் நுனியில் ஃப்ளோரோகார்பன் லீடரும் (தண்ணீரில் எளிதில் தெரியாத துண்டு நூல்), வெளியே என்றால் 6 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை நைலான் நூல்) என்று நினைக்கிறேன், சரிதானா?

அப்புறம், மானிடோபாவில் எதிர்முள் (கொக்கி நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டும் சின்ன முள்) இல்லாத தூண்டில் கொக்கிதான் சட்டம். என்னிடம் இருக்கும் கொக்கிகளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கினால் போதுமா, புதிதாகவே வாங்கவா?