பிரிவிலெஜுக்குத் தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்குள் வேண்டும்

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

வணக்கம். ஆகஸ்ட் 9 தென்னாப்பிரிக்கப் பெண்கள் நாளை ஒட்டி எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு கலந்துரையாடல் வைத்திருக்கிறோம். அதற்கு இருமொழியில் ஒரு துண்டுத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆங்கிலப் பக்கம் முடிந்தது. தமிழ்ப் பக்கம் ஒரே சொல்லில் நிற்கிறது: பிரிவிலெஜ் (privilege). வெள்ளையருக்குத் தோலால் வருவது, ஆணுக்கு ஆணாகப் பிறந்ததால் வருவது, இரண்டுக்கும் பொருந்தும் சொல் வேண்டும்.

‘சலுகை’ என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன் உடனே, “சலுகை இப்போ அவங்களுக்குத்தானே டீச்சர், வேலைக்குப் போனா நமக்கு என்ன இருக்கு?” என்றான். 1998ல் வந்த வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தை மனத்தில் வைத்து, ஆப்பிரிக்கரைத்தான் ‘அவங்க’ என்றான். அந்தச் சட்டத்தின் ‘கறுப்பினத்தவர்’ என்ற வரையறைக்குள் இந்தியரும் உண்டு என்பது அவனுக்குத் தெரியவில்லை. அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவன் சாப்பிட்ட தட்டை அவன் தங்கை கழுவுகிறாள். அதை அவனே பார்க்கும்படி செய்கிற சொல் எது?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா எழுதியது:

அம்மா, மூலத்திலிருந்து போவோம். லத்தீனில் அந்தச் சொல்லே ‘தனி’, ‘சட்டம்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. தனி ஒருவருக்கென்று ஆன சட்டம். ஆகவே ‘தனியுரிமை’. அழகான சொல், வேறு தேட வேண்டியதில்லை.

பீனிக்ஸ் தம்பி எழுதியது:

ஐயா, மன்னிக்கணும். கைப்பேசியைத் தமிழில் வைத்தால் ‘தனியுரிமைக் கொள்கை’ என்றுதான் வருகிறது. அங்கே அது அந்தரங்கத்தைக் குறிக்கும் சொல். ‘சிறப்புரிமை’ சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டு இளைஞர்கள் ‘பிரிவிலெஜ்’ என்றே எழுதுகிறார்கள். பஸ்ஸை ஏற்றுக்கொண்ட மொழி இதையும் ஏற்கும். நம் வகுப்பில் பாதிப் பேர் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். அவர்கள் தலையில் புதுச்சொல்லை ஏற்ற வேண்டுமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா எழுதியது:

பஸ் ஒரு பொருள், கண்ணால் பார்க்கலாம். இது ஒரு கருத்து. கருத்தைப் பிறமொழிச் சொல்லில் வைத்தால் அது நம் வீட்டுக்குள் வராது, வாசலிலேயே நிற்கும். சரி, ‘ஈட்டாப் பேறு’ எப்படி? உழைத்து ஈட்டாமல் பெற்றது. பெறு, பேறு: முதனிலை திரிந்த தொழிற்பெயர். வெள்ளையர் ஈட்டாப்பேறு, ஆண் ஈட்டாப்பேறு.

டொங்காட் அக்கா எழுதியது:

வாயில் வரும்போது அது ‘ஆண் பேறு’ என்று சுருங்கிவிடும் ஐயா. நான் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். பேறு என்றால் என் காதில் பிரசவம்தான் விழும். ஆண் குழந்தை பிறந்ததைக் கொண்டாடுகிற மாதிரி ஆகிவிடும். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

இன்னொன்று. சலுகை என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். 1984ல் வெள்ளையர் அரசு மூன்று அவை நாடாளுமன்றம் கொண்டுவந்தபோது இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் தனித்தனி அவை கொடுத்தார்கள். ஆப்பிரிக்கருக்கு ஒன்றுமில்லை. அது சலுகை; மேலிருந்து கை நீட்டிக் கொடுத்தது. அதனால்தான் நம்மில் பெரும்பாலோர் வாக்களிக்கப் போகவில்லை. ஆனால் 1994க்குப் பிறகு நிறவெறிச் சட்டம் போய்விட்டது, வெள்ளையரின் அந்த உயரம் போகவில்லையே. கொடுத்தவன் போன பிறகும் மிச்சமிருப்பதற்கு என்ன பேர்?

ஆண்களுக்கும் அப்படித்தான். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளுக்கு முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. அடிமட்டத்தில் கிடந்த நம் தாத்தாவுக்கும் தனக்குக் கீழே ஒருத்தி இருந்தாள். அவர் இதைச் சலுகை என்று நினைத்திருக்க மாட்டார். உலகமே அப்படித்தான் என்று நினைத்திருப்பார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா எழுதியது:

டொங்காட் அம்மா சொன்னதைப் படித்து இரவு தூக்கம் வரவில்லை. புறநானூறு 75ஐ எடுத்தேன். சோழன் நலங்கிள்ளி பாடியது. “மூத்தோர் மூத்தோர்க் கூற்றம் உய்த்தெனப் பால்தர வந்த பழவிறல் தாயம்.” முன்னோர் ஒவ்வொருவராக இறக்க, ஊழால் வந்து சேர்ந்த அரசுரிமை. அது கிடைத்ததே தன் சிறப்பு என்று நினைத்துக் குடிகளிடம் வரி இரக்கிறவனை “கூரில் ஆண்மைச் சிறியோன்” என்கிறான். கூர்மை இல்லாத ஆண்மை! தாயம் என்ற சொல்லும் ஆண்மை என்ற சொல்லும் ஒரே பாட்டில் நிற்கின்றன.

அங்கே ‘பால்’ என்றால் ஊழ். இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் என்பதும் அதே சொல்தான். இரண்டுக்கும் அடி ‘பகு’; பகுத்துக் கொடுக்கப்பட்ட பங்கு. பால் தர வந்த தாயம்: ஆண்பால் தர வந்த தாயம். இதைவிடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும்? பகுப்பு, பாதி, பாத்தி எல்லாம்...

(இங்கே ஐயா எழுதிய பாத்தி, பாத்தீடு, பங்காளி பற்றிய நான்கு பத்திகளை மடல் நீளம் கருதிக் குறைத்திருக்கிறேன். – பீனிக்ஸ் தம்பி)

பீனிக்ஸ் தம்பி எழுதியது:

தாயம் வடசொல் இல்லையா ஐயா? தூய்மை பேசுகிற நீங்களே இதை எப்படி ஏற்கிறீர்கள்? மேலும் தாயம் என்றால் விளையாட்டுத்தான் நினைவுக்கு வரும். இங்கே பிள்ளைகளுக்கு அதுகூடத் தெரியாது. துனி சீட்டாட்டம்தான் தெரியும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா எழுதியது:

தொல்காப்பியத்திலேயே “தாயத்தின் அடையா” என்று வருகிறது. அத்தனை காலம் நம் வீட்டில் இருந்த சொல் நம்முடையதுதான். விளையாட்டு நினைவுக்கு வந்தால் இன்னும் நல்லது. தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. சிலருக்கு மட்டும் பிறக்கும்போதே காய் கட்டத்துக்குள் இருக்கிறது. திறமையாக ஆடினேன் என்று அவர்களும் உண்மையாகவே நம்புகிறார்கள்.

டொங்காட் அக்கா எழுதியது:

துனியில் ஜாக்குக்கு 30 புள்ளி, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எல்லாவற்றிலும் கடைசி ராணி. அறுபது வருஷம் ஆடியிருக்கிறேன், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தாயம் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் துண்டுத்தாளில் விளக்கம் இல்லாமல் போட்டால் யாருக்கும் புரியாது.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்து எண்ணினேன்: அவற்றில் வந்த ‘பிறப்புச் சலுகை’க்கு ஆறு பேர், தாயத்துக்கு மூன்று, பிரிவிலெஜ் என்றே விட இரண்டு. இன்று வியாழன். தலைப்பில் பிறப்புச் சலுகை என்று போடுகிறேன். எனக்கு முழு மனம் இல்லை; அந்தப் பையன் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்பான். ஞாயிறன்று தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டு, அவன் காயை முதலிலேயே உள்ளே வைத்து, அவன் தங்கை காயை வெளியே வைத்து ஆடச் சொல்லப்போகிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்பட்டதாக எழுத வேண்டாம். நடுவில் ‘ச்’ மிகும், அச்சில் விட்டுவிடாதீர்கள். கட்டத்துக்குச் சோழி வேண்டுமானால் என்னிடம் என் அம்மாவின் சோழிகள் இருக்கின்றன. சனிக்கிழமை டர்பன் வருகிறேன், கொண்டுவருகிறேன்.