சாப்பர் தாத்தாவிடம் போரைப் பற்றி எப்படிக் கேட்பது?

பேத்தி_வேலூர்:
என் தாத்தா 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவத்தின் பொறியாளர் படை) இருந்தவர். மேற்கு முனையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி அகற்றினார் என்பது மட்டும் வீட்டில் தெரியும். படையில் இருந்தபடியே ஏ.எம்.ஐ.இ. என்ற பொறியியல் தேர்வு எழுதித் தேறி, வெளியே வந்தபின் பொதுப்பணித் துறையில் பொறியாளராக ஓய்வு பெற்றார். அவர் வாழ்க்கையை எழுதிவைக்க ஆசை. ஆனால் "போர் எப்படி இருந்தது தாத்தா?" என்றால் "குளிராக இருந்தது" என்கிறார். தகரப் பெட்டியில் பதக்கங்கள் கிடக்கின்றன. எது எதற்கு என்றால், "எல்லோருக்கும் கொடுத்தார்கள்" என்கிறார். என்ன செய்யலாம்?

டாங்கு_ரசிகன்:
பசந்தர் என்றாலே டாங்குப் படை அதிகாரி அருண் கேத்தர்பால்தான். 21 வயதில் பரம்வீர் சக்ரா. சாப்பர்கள் பின்னால் நின்று பாதை போட்டவர்கள். பெரிய சண்டைக் கதை எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய_தம்பி:
பின்னாலா? டாங்குக்கு முன்னால் கண்ணிவயலில் குப்புறப் படுத்திருப்பவனுக்குப் பெயர்தான் ஐயா சாப்பர். டிசம்பர் 15 இரவு கேத்தர்பாலின் பூனா ஹார்ஸ் படை டாங்குகள் எந்த வழியாக அக்கரை போயின என்று விசாரித்துவிட்டு வாருங்கள். 9 இன்ஜினியர் ரெஜிமெண்டின் மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி அந்த வேலையிலேயே உயிரைவிட்டு மகாவீர் சக்ரா பெற்றவர்.

பேத்தி அம்மா, உங்கள் கேள்விதான் சரியில்லை. நானும் சாப்பர், நானும் ஓய்வு பெற்ற பொறியாளன். "எப்படி இருந்தது" என்று கேட்டால் எனக்கும் வாய் வராது. வேலையைக் கேளுங்கள். கண்ணியைத் தேடும் கம்பியை மண்ணில் எத்தனை டிகிரி சாய்த்துக் குத்தினீர்கள்? (சுமார் 30. நேராகக் குத்தினால் கண்ணியின் தலையில் படும், சாய்த்தால் பக்கவாட்டில் தட்டும்.) டாங்குக் கண்ணிகளுக்கு நடுவே ஆளைக் கொல்லும் சின்னக் கண்ணி இருந்ததா? கண்ணி அகற்றிய பாதையைக் காட்டும் வெள்ளை நாடாவை யார் பிடித்தது?

என்னிடம் பெய்லி பாலத்தைப் பற்றி (துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பூட்டும் இரும்புப் பாலம்) கேட்டால் விடிய விடியச் சொல்வேன். ஒரு பேனல் 10 அடி நீளம், ஏறத்தாழ 260 கிலோ. ஆறு பேர் தூக்க வேண்டும். இருட்டில் ஒருவன் கால் இடறினால் மற்ற ஐவரின் விரலும் போச்சு. பாலம் முடிந்ததும் வண்டிகள் போகும். ஓட்டுகிறவன் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கோபம் உண்டு.

கிளார்க்_மணி:
தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடுங்கள். யூனிட், டிரேடு (படையில் செய்த தொழில்), பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். மேற்கு முனையில் இருந்தவர் என்றால் பஸ்சிமி ஸ்டார் பதக்கம் இருக்க வேண்டும். கிழக்கில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம்தான் அப்போது பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது. புத்தகம் தொலைந்திருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், பெங்களூரு ஆவணப் பிரிவுக்கு எழுத வழி சொல்வார்கள்.

பேத்தி_வேலூர்:
பஸ்சிமி ஸ்டார் இருக்கிறது! டிகிரிக் கேள்வியையும் கேட்டேன். நாளிதழை மடித்துவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேச்சு நிற்கவில்லை, நாலு பக்கம் எழுதிவிட்டேன். ஆனால் உங்களுக்கு ஒரு கேள்வி அனுப்பச் சொன்னார், ஐயா: "30 டிகிரி என்றவர் படித்துச் சொல்கிறாரா, படுத்துச் சொல்கிறாரா?"

பழைய_தம்பி:
படுத்துத்தான். 1972இல், நாம் புதைத்ததை நாமே தோண்டி எடுத்தபோது. அவர் எந்தக் கம்பெனி என்று கேட்டு எழுதுங்கள்.