கிறிஸ்துமஸ் பாட்டு தாலாட்டா, துள்ளலா?

திண்ணைக்காரன் (காரைக்குடி):

எங்கள் ஆலயப் பாடகர் குழு இந்த ஆண்டு வீடு வீடாகப் பாடிச் செல்லும் கேரல் ரவுண்ட்ஸுக்கு எடுத்திருக்கும் ஒன்பது பாட்டுகளில் ஏழு, தாளம் போடும் மின்கருவியான ரிதம் பேடை அணைத்துவிட்டால் எழுந்து நிற்கக்கூட வலுவில்லாதவை. எட்டாவதாக இருக்கும், ‘சைலண்ட் நைட்’டின் தமிழ் வடிவமான ‘ஒப்பில்லா திரு இரா’வையும், நேரமாகிவிட்டால் விட்டுவிடலாம் என்று ஒத்திகையில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பாட்டோடு எனக்கு நாற்பத்தைந்து ஆண்டுப் பழக்கம். ஏழு வயதில் கேரல் ரவுண்ட்ஸுக்குப் போய், பாதி ஊரைச் சுற்றுவதற்குள் அப்பாவின் தோளில் தூங்கிவிடுவேன். அவர் அடிக்குரலில் அந்தப் பாட்டை எடுக்கும்போது, அது என் காதில் விழுவதற்கு முன்பே அவருடைய நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்து என் கன்னத்துக்கு வந்துவிடும். இன்றைக்கும் முதல் வரியைக் கேட்டால் எனக்கு முதலில் சூடாவது கன்னம்தான்.

என் கட்சி இதுதான்: பிறந்திருப்பது பச்சைக் குழந்தை, ஆகவே கிறிஸ்துமஸ் பாட்டு அடிப்படையில் தாலாட்டு. பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் யாராவது செண்டை மேளம் வைப்பார்களா?

குடில்கட்டி (தேவகோட்டை):

அண்ணனுக்கு வணக்கம். நம் பக்கத்தில் நல்ல காரியம் எதுவானாலும் முதலில் எழுவது குலவைச் சத்தம்தான் என்பதை அண்ணனுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வானதூதர் கொண்டுவருவது மகிழ்ச்சியூட்டும் செய்தி. அதைக் கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரும் இடையர்கள், வாயில் விரல் வைத்துக்கொண்டு அல்ல, கடவுளைப் புகழ்ந்து பாடிக்கொண்டே திரும்பினார்கள்.

மேலும், அண்ணன் தாலாட்டு என்று தூக்கிப் பிடிக்கும் அந்தப் பாட்டின் பிறப்பைப் பார்ப்போம். யோசப் மோர் என்ற இளம் குருவானவர் 1816இல் எழுதிய கவிதைக்கு, பள்ளி ஆசிரியரான பிரான்ஸ் சேவர் குரூபர் 1818இல் மெட்டமைத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் அருகிலுள்ள ஓபன்டார்ஃப் என்ற ஊரின் ஆலயத்தில், இருவரும் சேர்ந்து கிட்டார் இசையோடு அதை முதன்முதலாகப் பாடினார்கள். ஆர்கன் அல்ல, கிட்டார். அன்றைய மெட்டு ஆறெட்டுத் (6/8) தாளத்தில், இன்று நாம் பாடுவதைக் காட்டிலும் துள்ளலாக இருந்தது. இப்போதைய இழுவை பிற்காலத்தில் சேர்ந்த பழக்கம். அந்த இழுவையைத்தான் அண்ணன் பக்தி என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். எங்கள் குழு இளைஞர்கள் கிட்டாரை எடுத்தால் முகம் சுளிக்கும் பெரியவர்கள், 1818இல் அந்த ஊரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ!

பனையோலை (பள்ளத்தூர்):

நீங்கள் இருவரும் ஆஸ்திரியாவை விட்டு வெளியே வராமலேயே சண்டையிடுகிறீர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு இரண்டு குறைகள்.

முதலாவது, ஜெர்மன் மூலத்தின் முதல் சொல்லுக்கே அமைதியான என்றுதான் பொருள். தமிழில் அந்த இடத்தில் ‘ஒப்பில்லா’ வந்து உட்கார்ந்திருக்கிறது. அமைதிக்காகத் திண்ணைக்காரர் போராடும் பாட்டின் முதல் அடியில் அமைதி என்ற சொல்லே இல்லை. இரண்டாவது, ‘திரு’ என்பதில் ‘தி’ குறில். மெட்டு சரியாக அந்த எழுத்தின் மேல் நீண்டு நிற்பதால், பாடும்போது ‘தீரு’ என்றுதான் காதில் விழுகிறது. அயல் மெட்டுக்குள் தமிழைத் திணிக்கும்போதெல்லாம் நேரும் விபத்து இது.

நமக்குச் சொந்தமாகக் கீர்த்தனை இருக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), சரபோஜி மன்னரோடு ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், பெத்லகேமையே குறவஞ்சிக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். குறத்தி குறி சொல்கிறாள், சிங்கன் வருகிறான், எல்லாம் நம் தெருவில் நடப்பதுபோல் இருக்கிறது. ராகமும் தாளமும் இருக்கும்போது ரிதம் பேடும் வேண்டாம், ஆறெட்டும் வேண்டாம்.

திண்ணைக்காரன்:

தம்பி குடில்கட்டி சொன்ன கிட்டார் செய்தி எனக்குத் தெரியும். வேகம் பற்றிய செய்தி புதிது, சற்றே வலித்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறெட்டு என்பது மூன்று மூன்றாக அசையும் தாளம், நம்முடைய திஸ்ர நடைக்குப் பக்கத்தில் வருவது. தூளியை ஆட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த அசைவு கையிலேயே இருக்கும். ஆகவே வேகம் கூடினாலும் அது தாலாட்டின் வேகம்தான், ஊர்வலத்தின் வேகம் அல்ல.

தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒரு சொல். அமைதி என்ற சொல் விடுபட்டதை நான் குறையாக எண்ணவில்லை. நம் ஊர் டிசம்பர் இரவு எந்தக் காலத்தில் நிசப்தமாக இருந்தது? வடகிழக்குப் பருவமழை நின்ற கையோடு ஊருணியில் தவளைக் கச்சேரி. 25ஆம் தேதி என்பது மார்கழி ஒன்பது அல்லது பத்து. விடியற்காலை ஆராதனைக்கு நாங்கள் நடக்கும்போது கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை முழங்கிக்கொண்டிருக்கும். எங்களுக்கு எந்த அமைதியைச் சொல்லி மொழிபெயர்ப்பது? அந்த இரவுக்கு ஒப்பில்லை என்றதே சரி. ‘தீரு’ என்று விழுவது உண்மைதான். அப்பாவும் அப்படித்தான் பாடினார், அதைத் திருத்தினால் எனக்குப் பாட்டே தொலைந்துவிடும்.

வளவு ஆச்சி (கானாடுகாத்தான்):

நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குப் பாடகர் குழு வந்தது, கீழ்வீட்டில் குடியிருக்கும் ஆசிரியைக் குடும்பத்துக்காக. பட்டாலையில் (முன்கூடத்தில்) இடம் போதாமல் வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்கு, அழைத்தோம். முற்றத்துப் பக்கம் பிளக் பாயின்ட் கிடையாது. கீபோர்டுக்கு வயர் எட்டவில்லை. முகப்பில் நின்று ரிதம் பேடோடு இரண்டு பாட்டுப் பாடியவர்கள், உள்ளே வந்து வெறுங்குரலில் பாடினார்கள். வீடு கட்டியவர்கள் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுவரைக் கண்ணாடிபோல் இழைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரில் ஒவ்வொரு குரலும் பட்டுத் திரும்பி, தேக்குத் தூண்களைச் சுற்றிக்கொண்டு, முற்றத்தின் வழியாக மேலே போனது. பாடியது எந்தப் பாட்டு என்பது எனக்குத் தெரியாது, மெதுவான பாட்டு. பக்கத்தில் நின்ற என் நாத்தனார் காரணமில்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

உங்கள் வழக்குக்கு ஒரு சாட்சியமும் இருக்கிறது. வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் என் பேரன், மூன்று மாதக் குழந்தை, உறங்கிக்கொண்டிருந்தான். முகப்பில் நடந்த துள்ளல் பாட்டு இரண்டுக்கும் அவன் அசையவில்லை. தாலாட்டு என்று திண்ணைக்காரத் தம்பி சொல்லும் வகைப் பாட்டு முடிந்து, எல்லாரும் பேச்சற்று நின்ற அந்த நொடியில்தான் வீறிட்டு அழுதான்.

குடில்கட்டி:

ஆச்சி, இந்தச் சாட்சியம் ஒன்று போதும். வழக்கை முடித்துக்கொள்ளலாம்.

கொண்டுவிற்கப்போனவன் (சிங்கப்பூர்):

எல்லாரும் ஆங்கிலப் பாட்டுகளை ஒதுக்கிவிட்டீர்கள். பனியைப் பார்க்காத ஊரில் பனிப்பாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ விஷயத்தில் அது நியாயம். 1857இல் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்ட அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. பனிவண்டியில் ஊர் சுற்றும் பாட்டு அது. பிள்ளைகள் மணியடித்துக் குதிக்கட்டும், அவ்வளவுதான்.

ஆனால் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ வேறு ரகம். இர்விங் பெர்லின் எழுதி, பிங் கிராஸ்பி 1942இல் இசைத்தட்டில் பாடியது. பலரும் பாடாமல் விட்டுவிடும் அதன் தொடக்க அடிகளில், பாடுகிறவன் நிற்கும் இடம் பனி அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து வெயில், பச்சைப் புல், அசையும் பனைவகை மரங்கள். வெயிலில் நின்றுகொண்டு, தன் ஊரின் பனிக்காக ஏங்குகிறான். உலகப் போர்க் காலத்தில் வீட்டைப் பிரிந்த படைவீரர்கள் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதற்குக் காரணம் பனி அல்ல என்பது என் எண்ணம். இங்கே டிசம்பரில் கடைத்தெரு முழுவதும் அதே பாட்டுத்தான் ஓடுகிறது. நான் கண்ணை மூடினால் பனி வருவதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சி உள்ளங்காலுக்கு வருகிறது. என் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போனவர். அவருக்கு அங்கே எந்தப் பாட்டு இந்த வேலையைச் செய்ததோ, கேட்டு வைக்காமல் போய்விட்டேன்.

பனையோலை:

ஏக்கம் நல்ல உணர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏக்கத்துக்கும் பிறப்புக்கும் என்ன தொடர்பு? சொந்த ஊர் நினைவைக் கிளப்பும் பாட்டெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு ஆகிவிடுமானால், பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் ஓடுவதும் ஆகிவிடும். பாட்டு யாரைப் பற்றியது என்று கேட்பதே என் அளவுகோல். கேட்பவனுக்கு எது நினைவுக்கு வருகிறது என்பது அல்ல.

குடில்கட்டி:

ஐயா, உங்கள் அளவுகோலை வைத்தால் ‘ஜாய் டு த வேர்ல்டு’ம் நிற்காது. ஐசக் வாட்ஸ் 1719இல் அதை விவிலியத்தின் 98ஆம் சங்கீதத்தின் வழியில் எழுதினார். மாட்டுத் தொழுவமும் இல்லை, மரியாளும் இல்லை. ஆனாலும் அதைப் பாடாத கிறிஸ்துமஸ் எங்கே இருக்கிறது? எதைப் பாடினால் சனங்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டதாகத் தோன்றுகிறதோ அதுதான் கிறிஸ்துமஸ் பாட்டு. கீர்த்தனையை நாங்கள் வெறுக்கவில்லை. எங்கள் குழுவில் அதை ராகத்தோடு பாடிக் கற்றுத்தர ஆள் இல்லை. பள்ளத்தூரிலிருந்து தேவகோட்டைக்குப் பேருந்து இருக்கிறது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பனையோலை:

சனிக்கிழமை மாலை வருகிறேன். ரிதம் பேடு அறைக்குள் இருக்கக் கூடாது.

திண்ணைக்காரன்:

நேற்று இரவு ஒத்திகை. தம்பி சொன்னதை மனதில் வைத்து, ‘ஒப்பில்லா திரு இரா’வைச் சற்று வேகமாக, கிட்டாரோடு மட்டும் பாடிப் பார்த்தோம். இளையவர்கள் இரண்டாம் வரியிலேயே பிடித்துக்கொண்டார்கள். பின் வரிசையில் இருந்த நாங்கள் நால்வர், மனமார முயன்றும், பழைய வேகத்திலேயே இழுத்தோம். ஒவ்வொரு அடி முடிவிலும் முன் வரிசை எங்களுக்காக நின்று, நாங்கள் வந்து சேர்ந்த பிறகு அடுத்த அடியை எடுத்தது.