பிரசவத்துக்கு முன் இடுப்பாட்டம்: உங்கள் அனுபவம் என்ன?

பெல்லி டான்ஸ் ஆடினால் சுகப்பிரசவம் ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். அப்படி யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் வலி நேரத்தில் அது எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

அரபு நாடுகளில் பெண்கள் தங்களுக்குள் கூடும் விசேஷங்களில் ஆடும் ஆட்டம் இது. எகிப்தில் மேடையேறிய வடிவத்துக்கு ரக்ஸ் ஷர்க்கி என்று பெயர். என் மருத்துவர் சம்மதித்த பிறகுதான் வகுப்பில் சேர்ந்தேன். முழங்காலை லேசாகத் தளர்த்தி நின்று இடுப்பை வட்டமாகச் சுழற்றுவது, இடுப்பாலேயே எட்டு போடுவது, இடுப்பெலும்பை முன்னும் பின்னும் சாய்ப்பது. பெரும்பாலும் இவைதான், எல்லாம் மெதுவாக. கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் ஹார்மோன் மூட்டுகளைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்திவிடும். அதனால் வெட்டி வெட்டி அசைப்பது, குதிப்பது, பின்னால் வளைவது எதையும் ஆசிரியை சொல்லித் தரவில்லை.

இதன் அருமை பிரசவ வலி வந்தபோதுதான் தெரிந்தது. வலி ஏற ஏற உடம்பு தானாக இறுகும், தோள் தூக்கிக்கொள்ளும், பல்லைக் கடிப்போம். நான் கட்டில் விளிம்பைப் பிடித்து முன்னால் சாய்ந்து, வாயைத் தளரவிட்டு, மூச்சை நீளமாக விட்டபடி இடுப்பைச் சுற்றினேன். வலி குறைந்தது என்று சொல்ல மாட்டேன். என்ன செய்வதென்று தெரியாத பதற்றம் இல்லை, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. முக்கும் கட்டத்தில் களைத்துப்போய் ஒருக்களித்துப் படுத்துவிட்டேன். அப்போது மூச்சுப் பழக்கம் மட்டும் கைகொடுத்தது.

சிக்கல் இல்லாத பிரசவத்தில் பெண்களை நடமாடவும் நிமிர்ந்திருக்கவும் ஊக்குவிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018 வழிகாட்டுதலில் சொல்கிறது. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பின் 2013 ஆய்வுத் தொகுப்பில், படுத்தே இருந்தவர்களைவிட நிமிர்ந்து நடமாடியவர்களுக்கு பிரசவத்தின் முதல் கட்டம், அதாவது கருப்பை வாய் திறக்கும் நேரம், சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்திருந்தது. அது நடனத்தைப் பற்றிய ஆய்வு அல்ல, ஆனாலும் படுக்கையிலேயே கிடக்காமல் இருக்க நடனம் ஒரு நல்ல வழி.

பதில்:

நான் சின்ன வயதிலிருந்து பரதம் ஆடுகிறவள். முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் எவ்வளவு நேரமும் நிற்பேன், அதனால் பிரசவம் சுலபமாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏழாம் மாதத்தில் முன்பக்க இடுப்பெலும்பு சேரும் இடத்தில் வலி தொடங்கியது. பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, அடி இடுப்புத் தசை பலமாகத்தான் இருக்கிறது, அதைத் தளர்த்தத்தான் உனக்குத் தெரியவில்லை என்றார். மண்டி, காலைத் தட்டி ஆடும் தட்டடவு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, முட்டிக்கால் போட்டு, கையூன்றி, மூச்சு விடும்போது இடுப்பை மெதுவாக ஆட்டப் பழக்கினார். எனக்கு அதுதான் நடனத்தைவிடக் கஷ்டமாக இருந்தது!

இன்னொன்று. நஞ்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில் இருந்தாலோ, இரத்தப்போக்கு இருந்தாலோ, குறைப்பிரசவ அபாயம் இருந்தாலோ எந்த ஆட்டமும் வேண்டாம், தயவுசெய்து முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.