மறு: ‘வெட்சூட்’டுக்குத் தமிழ்: ‘ஈரவுடை’ வேண்டாம், ‘நுரைச்சட்டை’ ஆகலாம்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குளிர்கடல் அலைச்சறுக்கு (பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் விளையாட்டு) பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும் நண்பர், ‘வெட்சூட்’ (wetsuit), அதாவது குளிர்நீரில் இறங்குவோர் உடலோடு ஒட்டி அணியும் ரப்பர் உடை, என்பதற்கு ஏற்ற சொல் கேட்டிருந்தார். இதுவரை ஈரவுடை, நீர்க்காப்புடை, குளிர்காப்புடை, மெய்ப்பை ஆகிய நான்கும் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் டொரொண்டோவின் ஸ்கார்பரோப் பகுதியில் வசிப்பவன். டிசம்பரிலும் சனவரியிலும் ஒண்டாரியோ ஏரியில் பலகையோடு இறங்குகிறவர்களோடு பழக்கமுண்டு. அந்த உடையைக் கையால் தொட்டும், போட்டும், கழற்ற முடியாமல் திண்டாடியும் அறிந்தவன் என்ற முறையில் என் கருத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘நீர்க்காப்புடை’யை விலக்கிவிடலாம். நீரை உள்ளே விடாமல் காப்பது இந்த உடையின் வேலையே அன்று. அந்த வேலையைச் செய்வது ஆங்கிலத்தில் ‘டிரைசூட்’ எனப்படும் வேறோர் உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டைகளால் அடைக்கப்பட்டு, உள்ளே உலர்ந்த துணியோடு இருக்க இடம்தருவது. வடகடல் எண்ணெய்த் தளங்களுக்கு ஹெலிகாப்டரில் செல்கிறவர்களும் பனிக்கட்டிக்குக் கீழே மூழ்குகிறவர்களும் அதைத்தான் அணிகிறார்கள். அதற்கு ‘நீர்புகாவுடை’ என்பது பொருந்தும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், பாதுகாப்புக் குறிப்பைத் தமிழில் படித்துவிட்டுத் தவறான உடையோடு ஒருவர் தண்ணீரில் இறங்க வாய்ப்பிருக்கிறது.

‘ஈரவுடை’ ஆங்கிலப் பெயரை அப்படியே பின்பற்றுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த ஆங்கிலப் பெயரே உடை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிப் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. உள்ளே புகுந்த நீர் உடல் வெப்பத்தால் சூடாகி, அந்தச் சூடான நீர்ப்படலமே நம்மைக் காக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். குழுமத்தில் முன்பு எழுதிய ஐயா ஒருவரின் மடலிலும் அதே விளக்கம் இருந்தது. பணிவோடு மறுக்கிறேன். அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும் பொருள். அதைப் போர்வையாக்கிக் குளிரைத் தடுக்க முடியாது. காப்பது நியோப்ரீன் ரப்பருக்குள் ஒன்றோடொன்று இணையாமல் மூடிக்கிடக்கும் ஆயிரமாயிரம் வளிக்குமிழிகள்தான். 1930-இல் டியூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த இந்தச் செயற்கை ரப்பரை நுரைக்கச் செய்து தாளாக்கினால், அது மெல்லிய மெத்தைபோல் அமுங்கும், நன்றாக இழுபடும், நீரில் மிதக்கவும் செய்யும்.

1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் அமெரிக்கக் கடற்படையின் மூழ்குநர்களுக்காகச் சிந்தித்தபோது கண்டுகொண்டது இதைத்தான்: காற்று உடையின் பொருளுக்குள்ளேயே அடைபட்டிருந்தால், தோல் நனைந்தாலும் குற்றமில்லை. அதுவரை குளிரைத் தடுக்க உடலை உலர்வாக வைத்திருக்க வேண்டும் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஆகவே, ஈரம் இந்த உடையில் பொறுத்துக்கொள்ளப்படுவது, காப்பது நுரை. ஆழத்துக்குச் செல்லும் மூழ்குநர்கள் இதற்கு நேரடிச் சான்று. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்காகிறது. குமிழிகள் நசுங்குகின்றன, உடை மெலிகிறது, குளிர் ஏறுகிறது. நீர்ப்படலம் அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பயனில்லை. அலைச்சறுக்குவோர் மேற்பரப்பிலேயே இருப்பதால் அவர்களுக்கு இந்த இழப்பு இல்லை.

(யார் முதலில் செய்தார் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. 1952-இல் சான் பிரான்சிஸ்கோவில் அலைச்சறுக்குக் கடை திறந்த ஜாக் ஓ’நீலின் பெயரையே பலர் சொல்வார்கள்; ரெடாண்டோ பீச்சின் மைஸ்ட்ரெல் சகோதரர்களுக்காக வாதாடுவோரும் உண்டு. நம் சொல்லுக்கு அந்த வழக்கு தேவையில்லை.)

‘குளிர்காப்புடை’ தவறில்லை, ஆனால் எல்லை அகன்றது. கம்பளிச் சட்டையும், இங்கே நாங்கள் ஆறு மாதம் சுமந்து திரியும் பஞ்சடைத்த மேலங்கியும் குளிர்காப்புடைகளே. ஒரு குறிப்பிட்ட பொருளுக்கான கலைச்சொல் அதன் இனத்தில் உள்ள மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்துக்காட்ட வேண்டும்.

‘மெய்ப்பை’யை முன்மொழிந்த அம்மாவுக்கு என் நன்றி. முல்லைப்பாட்டில் பாசறைக் காவலர்களான யவனர்களைச் சொல்லும்போது ‘மெய்ப்பை புக்க வெருவருந் தோற்றத்து’ என்று வருகிறது. ‘அணிந்த’ என்னாமல் ‘புக்க’ என்றது எவ்வளவு பொருத்தம் என்பது, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள உடைக்குள் குளிரில் ஒருமுறை நுழைந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆயினும் இன்றைய வாசகருக்கு ‘மெய்’ என்றால் உண்மை முதலில் நினைவுக்கு வரும். உடல் என்று புரிந்துகொண்டவருக்கோ, பையும் சேர்ந்தால் பிணவறைதான் நினைவுக்கு வரும். குளிர்கடலில் இறங்குவோர் கேட்க விரும்பும் சொல் அன்று அது.

நான் முன்வைப்பது ‘நுரைச்சட்டை’. ‘நுரையுடை’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். அதைக் கைவிட்டதற்குக் காரணம், ‘நுரையுடை’ என்பது நுரையை உடைய என்ற பெயரெச்சமாகவே காதில் விழுகிறது. ‘நுரையுடைக் கடல்’ என்று எழுதினால் வாசகர் கடல்தான் நுரைக்கிறது என்று கொள்வார், உடையை யார் நினைப்பார்? சட்டைக்கு இந்த மயக்கம் இல்லை. மேலும், தமிழில் சட்டை என்பது மேலே போடும் துணி மட்டுமன்று, பாம்பு உரிக்கும் தோலும் சட்டைதான். அலைச்சறுக்கி முடித்தவர் கரையேறியதும் செய்வதைப் பார்த்தால் இந்தச் சொல்லே வாயில் வரும். வாகன நிறுத்துமிடத்தில், காற்று சுழியத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரியில் வீச, கதவு திறந்த வண்டியின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நின்றுகொண்டு, முதலில் தலையை மூடும் பகுதியைப் பின்னால் தள்ளி, தோளை நெளித்து வெளியே எடுத்து, உட்புறம் வெளியாகும்படி இடுப்புவரை உருட்டிக்கொண்டு, பிறகு ஒரு காலால் மறு காலின் விளிம்பை மிதித்து இழுத்து விடுவிப்பார்கள். கையுறை போட்ட விரல்கள் சாவியைக்கூடப் பிடிக்காது. புருவத்திலும் தாடியிலும் ஏரித் தண்ணீர் உறைந்து தொங்கும். பட்டறிவுள்ளவர்கள் புறப்படும்போதே ஒரு குடுவையில் வெந்நீர் கொண்டுவந்து, இறங்கும் முன் காலுறைக்குள் கொஞ்சம் ஊற்றிக்கொள்வார்கள், திரும்பியபின் மிச்சத்தைக் கையில் ஊற்றுவார்கள். இந்தக் கழற்றலுக்கு ‘உரித்தல்’ என்ற வினையே போதும்: ‘நுரைச்சட்டையை உரித்தான்.’

சட்டை என்றால் மேலுடம்புக்கு மட்டும்தானே என்ற தடை எழலாம். கழுத்துமுதல் கணுக்கால்வரை மூடுவதை ‘முழு நுரைச்சட்டை’ என்றும், முழங்கைக்கும் முழங்காலுக்கும் மேலே நிற்பதைக் ‘குட்டை நுரைச்சட்டை’ என்றும், தலையை மூடும் பகுதி சேர்ந்ததைத் ‘தலைமூடி நுரைச்சட்டை’ என்றும் வழங்கினால் தடை நீங்கும். தடிமனைக் குறிக்கும் எண்களுக்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. 5/4/3 என்றிருந்தால் மார்பிலும் முதுகிலும் 5 மில்லிமீட்டர், காலில் 4, கையில் 3 என்று பொருள். உயிர் உறுப்புகள் இருக்குமிடத்தில் தடிப்பு, துடுப்பாக இயங்கும் கைகளில் மெலிவு.

கட்டுரையின் தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். ‘பனிக்கால அலைச்சறுக்கு’ என்று நண்பர் எழுதியிருக்கிறார். ‘பனிச்சறுக்கு’ என்பது வேறொரு விளையாட்டுக்கு நிலைத்துவிட்டதால், வேகமாகப் படிப்பவர் மலைச்சரிவை நினைப்பார். பருவத்தைக் குறிப்பதும் முழுமையாகச் சரியன்று. வட அரைக்கோளத்தில் பெரும் புயல்கள் உருவாகும் காலம் குளிர்காலம் என்பதால் நல்ல அலைகள் அப்போது வருகின்றன. ஆனால் கடல் மெதுவாகவே குளிரும் இயல்புடையது, ஆகவே நீர் மிகவும் குளிர்ந்திருப்பது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான். நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் உள்ள உன்ஸ்டாட் துருவ வட்டத்துக்கு உள்ளே, 68 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பரின் பெரும்பகுதியில் அங்கே சூரியன் எழுவதே இல்லை. ஆயினும் அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் கடல் உறைவதில்லை, கரையில் பனி கிடக்க நீரில் ஆட்கள் அலைக்குக் காத்திருப்பார்கள். காலத்தைவிட நீரின் தன்மையே இங்கு அடிப்படை. ‘குளிர்நீர் அலைச்சறுக்கு’ என்பதே என் தேர்வு.

அலையின் வகையிலும் கட்டுரை ஒரு வேறுபாட்டைச் செய்கிறது. உன்ஸ்டாட்டுக்கு வருவது தொலைவில் எங்கோ வீசிய புயல் கிளப்பிய அலை. எங்கள் ஏரிக்கு வருவது அப்போதே அங்கேயே வீசும் காற்று கிளப்பிய அலை. ஒண்டாரியோ ஏரி கிழக்கு மேற்காக ஏறத்தாழ 310 கிலோமீட்டர் நீளமுள்ளது, ஆகவே கொண்டல் (கீழைக்காற்று) அடித்தால்தான் ஸ்கார்பரோப் பக்கம் நல்ல அலை எழும். முன்னதைத் ‘தொலைவலை’ என்னலாம். பின்னதைக் ‘காற்றலை’ என்று எழுத எனக்குத் தயக்கம். வானொலிக்காரர்கள் அச்சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘உள்ளூர்க் காற்றெழு அலை’ நீளம்தான், வேறு வழி தெரிந்தவர் சொல்லலாம்.

பலகையோடு அலைக்கு அடியில் புகுந்து மறுபுறம் எழுவதற்கு நண்பர் ஆங்கிலத்தின் ‘டக் டைவ்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘வாத்து மூழ்கல்’ என்று எழுதியிருப்பதை மாற்றியே ஆக வேண்டும். குளத்தில் சட்டென்று உள்ளே போய் வேறிடத்தில் தலைநீட்டும் பறவையை நாம் முக்குளிப்பான் என்கிறோம். ‘முக்குளித்தல்’ இருக்கும்போது வாத்து எதற்கு? குளிர்நீரில் முக்குளித்து எழும்போது நெற்றியில் குத்தும் வலிக்கு ‘நெற்றிக்குத்தல்’ போதும், ஆங்கிலத்தின் ‘ஐஸ்கிரீம் தலைவலி’யைப் பின்பற்றி ஐஸ்கிரீமை இழுக்க வேண்டாம்.

செவிக்குழாயில் எலும்பு வளர்ந்து துளை குறுகும் நிலையை ‘அலைச்சறுக்கர் காது’ என்று மொழிபெயர்ப்பதும் வேண்டாம். குளிர்நீரும் காற்றும் ஆண்டுக்கணக்கில் படும் எவருக்கும் அது வரலாம். நீச்சல்காரர்களுக்கும் துடுப்புப் படகோட்டிகளுக்கும் வருகிறது, நியாண்டர்தால் என்ற பழங்கால மனித இனத்தின் மண்டையோடுகளிலும் காணப்பட்டிருக்கிறது. ‘குளிர்நீர்ச் செவியெலும்பு’ என்று காரணத்தையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

மிகவும் கவனம் வேண்டிய இடம், கட்டுரையின் பாதுகாப்புப் பகுதி. நீரில் விழுந்தவுடன் நம்மை மீறி மூச்சு உள்ளிழுக்கப்பட்டு, பிறகு ஓரிரு நிமிடங்கள் இரைக்கிறதே, அது ‘குளிர் அதிர்ச்சி’. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ‘உடல்வெப்பத் தாழ்வு’. உறைநிலையை ஒட்டிய நீரிலும் அதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். மூழ்கி இறப்பவர்களில் பலர் இரண்டாவது நிலைக்குப் போகும் முன்பே, மூச்சோடு நீரையும் இழுத்துவிட்டதால் இறக்கிறார்கள். நண்பரின் வரைவில் இரண்டுக்கும் ‘குளிரால் விறைத்தல்’ என்றே இருக்கிறது, தயவுசெய்து பிரித்துவிடுங்கள். கரையேறிய பிறகும் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போவதைப் ‘பின்குளிர்வு’ என்னலாம். சட்டையை உரித்தவுடன் வண்டியை ஓட்டாதே என்று மூத்தவர்கள் சொல்வது அதனால்தான்.

எனக்குச் சொல் அகப்படாத இடம் ஒன்று உண்டு. அலை அடிக்கும்போது கழுத்து விளிம்பு வழியாகக் குளிர்நீர் ஒரே வீச்சில் முதுகுவரை இறங்கி, சூடாகியிருந்த நீரை எல்லாம் அடித்துக்கொண்டு போகும்; புதிதாக வந்த நீரை உடல் மறுபடி சூடாக்க வேண்டியிருக்கும். அளவு பொருந்தாத நுரைச்சட்டையின் பெருங்குறை இதுவே. ‘உட்பாய்ச்சல்’ என்று வைத்துப் பார்த்தேன். வயலுக்கு நீர் பாய்ச்சுவதுபோல் நிதானமாக இருக்கிறது, அந்த அடி அதில் இல்லை. கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களிடம், படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் திடீரென உள்ளே விழுவதற்கு வழக்கில் ஒரு சொல் இருந்தால் அனுப்புங்கள். வரைவை அடுத்த வாரம் இறுதி செய்ய வேண்டியிருப்பதாக நண்பர் எழுதியிருக்கிறார்.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து