மறு: 'ஸ்விங் வெயிட்' என்பதற்கு வீச்சுக்கனம் சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

மட்டையை வீசும்போது கை உணரும் கனத்தை ஆங்கிலத்தில் 'ஸ்விங் வெயிட்' என்பார்கள். அதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டேன், ஒரு வாரமாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இழை நீண்டுவிட்டதால், நடுவில் வந்தவர்களுக்காகக் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். என் மகள் 10 வயதுக்குட்பட்ட சிறுமியர் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற, உருளை மட்டையால் ஆடும் ஆட்டம்) அணியில் ஆடுகிறாள். அணியில் 12 பேர், அவர்களில் ஆறு பேரிடம் சொந்த மட்டை இல்லை. நல்ல கலப்புப்பொருள் (காம்போசிட்) மட்டை 300 டாலருக்கு மேல் போகிறது. பிள்ளை ஓர் ஆண்டில் வளர்ந்துவிட்டால் அந்த மட்டை பரணுக்குப் போய்விடும். அதனால் எல்லோரும் சேர்ந்து பொது மட்டை ஒன்று வாங்கலாம் என்று முடிவாயிற்று. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எதைப் பார்த்து, எப்படித் தேர்ந்தேன் என்று அணியில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பக்கம் எழுதித் தரலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே 'ஸ்விங் வெயிட்' வந்து நின்றது.

மட்டையின் மேல் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். 29 என்பது அங்குலத்தில் நீளம், 18 என்பது அவுன்ஸில் எடை. பின்னதை முன்னதிலிருந்து கழித்து 'மைனஸ் 11' என்பார்கள். கடைக்காரரும் பயிற்சியாளரும் இந்தக் கழித்து வரும் எண்ணைத்தான் பேசுவார்கள். ஆனால் அதே 29, அதே 18, அதே மைனஸ் 11 அச்சிட்ட இரண்டு மட்டைகள் சிறுமிகளின் கையில் இரண்டு விதமாக நடந்துகொள்வதை நான் கண்ணால் பார்த்தேன். கடனாக வாங்கி வந்த இரண்டையும் புல்வெளியில் வைத்தோம். அணியிலேயே சிறிய உருவம் உள்ள பெண் இரண்டையும் மாறி மாறி எடுத்தாள். முதலாவதை வீசியபோது தோள், இடுப்பு, மட்டை மூன்றும் ஒன்றாகத் திரும்பின. இரண்டாவதில் இடுப்பு முதலில் திரும்பிவிட்டது, மட்டையின் நுனி பின்னாலேயே தங்கி, பந்து போனபிறகு வந்து சேர்ந்தது. என் மகளும் வீசிப் பார்த்துவிட்டு, "தூக்கினா ஒண்ணும் தெரியல அம்மா, வீசினாதான் கனக்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். குமிழிலிருந்து (கைப்பிடியின் அடிமுனையில் உள்ள புடைப்பு) 6 அங்குலம் தள்ளிக் கைப்பிடியின் குறுக்கே ஒரு பென்சிலை வைத்து நாடாவால் இறுகச் சுற்றினேன். இரண்டு நாற்காலிகளின் முதுகில் பென்சிலின் முனைகளைத் தாங்க வைத்து, மட்டையை நடுவில் ஊஞ்சல் போல ஆடவிட்டேன். போய்த் திரும்புவது ஓர் ஆட்டம்; 50 ஆட்டத்துக்கு முதல் மட்டை எடுத்துக்கொண்டது 70 வினாடி, இரண்டாவது 72 வினாடி. அப்புறம் அளவுகோலின் விளிம்பில் நிறுத்திச் சமநிலைப் புள்ளியைப் பார்த்தேன். ஒன்றில் அது குமிழிலிருந்து பதினேழரை அங்குலம், மற்றதில் பதினெட்டேகால். அவுன்ஸில் எடை, பென்சிலிலிருந்து சமநிலைப் புள்ளி வரை அங்குலத்தில் தூரம், ஓர் ஆட்டத்துக்கான வினாடிகளின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, 9.78 ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் நாம் பெயர் தேடும் அளவு. முதலாவது ஏறத்தாழ 3970, இரண்டாவது ஏறத்தாழ 4470. எட்டில் ஒரு பங்கு கூடுதல்! தராசில் இரண்டும் 18 அவுன்ஸ்தான்.

அந்த 6 அங்குலம் நானாக வைத்த கணக்கில்லை. மட்டைகளைச் சோதிக்க ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு வகுத்த முறையிலும் அந்த இடம்தான். லாயிட் ஸ்மித், ஆலன் நேதன் முதலிய ஆய்வாளர்கள் சாஃப்ட்பால் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த சோதனை இதை இன்னும் தெளிவாக்குகிறது. எடை மாறாமல் இந்த அளவு மட்டும் கூடினால் வீசும் வேகம் குறைகிறது. இந்த அளவு மாறாமல் எடை மட்டும் கூடினால் வேகம் பெரிதாக மாறவில்லை. அப்படியென்றால் பிள்ளைக்கு மட்டை பார்க்கும்போது கேட்க வேண்டிய எண் இதுதான். அதற்குத் தமிழில் ஒரு வீட்டுச் சொல் இருந்தே ஆக வேண்டும் என்று நான் இவ்வளவு மன்றாடுவது இதனால்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> இயற்பியலில் ஏற்கெனவே 'நிலைமத் திருப்புத்திறன்' இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது (ஒரு பொருள் தன்னைச் சுழற்றுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு), இலங்கையில் அதுவே 'சடத்துவத் திருப்பம்'. பாடநூலுக்கு இரண்டும் நன்றாகப் பொருந்தும். ஆனால் எந்த அச்சைச் சுற்றி என்பதைச் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கு இங்கே பொருள் வரும். நமக்கு வேண்டியது, கையில் பிடித்த இடத்தை ஒட்டி, வீசும்போது உணரும் ஒரே ஓர் அளவின் பெயர். ஆங்கிலத்திலும் இயற்பியல் பெயர் ஒன்று, ஆட்டக்காரரின் பெயர் வேறு. அங்கும் ஒரு சிக்கல் உண்டு. டென்னிஸ் மட்டையில் 'ஸ்விங் வெயிட்' என்பது நாம் பேசும் இதே வகை அளவு, அச்சு மட்டும் அடிமுனையிலிருந்து 10 சென்டிமீட்டரில். கோல்ஃபில் அதே பெயர் வெறும் சமநிலை அளவைக் குறிக்கிறது, குச்சியை ஆட்டாமல் தராசில் வைத்துப் பார்ப்பது. இந்தக் குழப்பத்தைத் தமிழுக்கு இறக்குமதி செய்ய வேண்டாம்.

> 'ஊஞ்சல் எடை', 'சுழல் எடை' எளிமையாக இருக்கின்றன.

ஊஞ்சல் எடை என்று கேட்டால் ஊஞ்சல் பலகையின் எடைதான் நினைவுக்கு வரும். சுழல் என்றதும் சுழற்பந்து வந்துவிடுகிறது. பந்தும் மட்டையும் உள்ள ஆட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கொடுக்க முடியாது.

இந்த இரண்டையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது 'எடை' என்ற பின்பாதி. தமிழில் எடையும் கனமும் ஒன்றல்ல. எடை தராசு சொல்வது, கனம் உடம்பு சொல்வது. ஐந்து கிலோ அரிசிப் பையும் ஐந்து கிலோ குழந்தையும் ஒரே எடை, தூங்கிப்போன குழந்தை கனக்கும். மண்வெட்டிக்குக் காம்பு போடுகிறவர் எடை பார்ப்பதில்லை, ஒருமுறை ஓங்கிப் பார்த்துவிட்டு "கனம் முன்னாடி இழுக்குது" என்பார். சிலம்பம் ஆடுகிறவரிடம் கேட்டாலும் கம்பின் நுனி கனத்தைத்தான் சொல்வார். 'வெயிட்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலம் அடைமொழி சேர்த்துச் சமாளிக்கிறது. நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கும்போது உடம்பு அறிவதற்கு உடம்பின் சொல்லையே வைப்போமே. 'நிறை' வேண்டாம் என்பதற்கு வேறு காரணம்: தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் பொருளின் அளவு, இலங்கையில் அதற்குத் திணிவு என்று பெயர், அங்கே நிறை என்றால் எடை. கடல் தாண்டினால் பொருள் மாறும் சொல்லை இந்த இடத்தில் வைக்கக் கூடாது.

> 'வீச்சு' என்றால் பந்துவீச்சு ஆகிவிடாதா? இயற்பியலிலும் புள்ளியியலிலும் வேறு வீச்சு உண்டே.

இந்த மறுப்பு எனக்கு இரண்டு நாள் தூக்கம் கெடுத்தது, வலுவான மறுப்புதான். அதற்காக 'ஓங்குகனம்' என்று மாற்றிப் பார்த்தேன். ஓங்கி அடிப்பது நம் வழக்கு, காதுக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஓங்குவது அடிக்கு முந்திய செயல், மட்டை பின்னால் போகும் நேரம். நாம் அளப்பது அது முன்னால் வரும் நேரத்தை. கிரிக்கெட் மட்டையைத் தூக்கும்போது உணரும் கனத்தைப் 'பிக்கப்' என்று சொல்வதைக் கொண்டு ஒருவர் 'தூக்குகனம்' என்றார். என் மகள் சொன்னது அதற்கு நேர் எதிர்: தூக்கினால் தெரியவில்லை, வீசினால்தான் தெரிகிறது.

வீசுவது பந்துக்கு மட்டும் உரிய வினை இல்லை. வாள்வீச்சு உண்டு, கைவீச்சு உண்டு, வீச்சரிவாள் உண்டு. அரிவாளை யாரும் எறிவதில்லை, பிடி கையில் இருக்க, நுனி வளைந்து போகிறது. மட்டையும் அப்படித்தான். கனம் என்று பின்னால் சேர்ந்ததும் பந்துவீச்சுக்கு இடமில்லாமல் போகிறது. குழப்பம் வரும் இடத்தில் 'மட்டைவீச்சு' என்று முன்னால் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். ஆகவே என் பரிந்துரை வீச்சுக்கனம். வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும், 'க்' விடாமல் எழுதுங்கள்.

கூடவே இரண்டு சிறு சொற்கள். கனம் முனையில் குவிந்த மட்டைக்கு 'நுனிக்கனம்'. தலைக்கனம் என்று ஒருவர் எழுதியிருந்தார், அதைச் செருக்குக்கே விட்டுவிடுவோம். மைனஸ் 11 என்பதற்குக் 'குறைவெண்'. 'கழிவெண்' என்றால் கழிவு என்ற சொல்லின் வாடை வருகிறது.

ஆட்டத்தின் பெயரைப் பற்றி யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது மிக முக்கியம். இலங்கையில் மென்பந்து என்றாலே மென்பந்துக் கிரிக்கெட். நாம் 'மென்பந்து மட்டை' என்று எழுதினால் அங்கே தட்டை மட்டைதான் மனத்தில் வரும். அதனால் என் பக்கத்தில் சாஃப்ட்பால் என்றே வைத்திருக்கிறேன். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

வாங்கியது எது என்று பலர் கேட்டீர்கள். 3970 உள்ள முதல் மட்டை. இந்த வயதுப் பிரிவில் பந்து 35 அடியிலிருந்து வருகிறது, மணிக்கு 40 மைல் வேகமென்றால் அவகாசம் 0.6 வினாடி. வீச்சுக்கனம் குறைந்த மட்டையால் உயரமான பெண் கொஞ்சம் தூரத்தை இழக்கலாம். கூடின மட்டையால் சிறிய பெண் பந்தையே தொடாமல் போவாள். ஆறு பேர் பகிர்கிற மட்டையைக் கடைசிப் பெண்ணின் கைக்குத்தான் பார்க்க வேண்டும். முதல் மட்டை அலுமினியம் என்பதும் வசதியாகப் போயிற்று: கலப்புப்பொருள் மட்டைகளை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் பலர் எச்சரிக்கிறார்கள். எங்கள் ஊர் ஏப்ரல் மாலைகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான்.

ஞாயிறு வரை பார்ப்பேன், பெரிய மறுப்பு வராவிட்டால் மூன்று சொற்களையும் விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றிவிடுகிறேன். அதற்குள் ஓர் உதவி. கோவைப் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர் தம் பள்ளிப் பெண்கள் இரண்டே மட்டைகளைப் பகிர்ந்து ஆடுவதாக எழுதியிருந்தார். ஐயா, முடிந்தால் அவற்றையும் இப்படி ஆடவிட்டுப் பாருங்கள்: குமிழிலிருந்து 6 அங்குலத்தில் பென்சில், 50 ஆட்டத்துக்கு எத்தனை வினாடி, சமநிலைப் புள்ளி எங்கே, எடை எவ்வளவு. நான்கு எண்களையும் இங்கே இட்டால் கணக்குப் போட்டுத் தருகிறேன். வீசும்போது மாணவிகள் என்ன சொல்லால் சொல்கிறார்கள் என்பதையும் அவர்கள் வாய்மொழியாகவே எழுதுங்கள்.

அன்புடன்